கொற்றனோடு யாரும் பேசுவதில்லை

கிள்ளான்
12 மே 2025

தம்பி அருணனுக்கு,

'ஆதிவேள் வீழ்ச்சி' ஆகஸ்டு 9, சனிக்கிழமை மேடையேறுவது உறுதியாகிவிட்டது. சொன்னவர் நம் மன்றச் செயலாளர் சபாபதி. மண்டபத்தாரின் கையெழுத்தைக் கண்ணால் பார்த்த பிறகுதான் எனக்குப் போன் செய்தார். ஆதிவேளாக வழக்கம்போல் என் வீட்டுக்காரர் சுகுமாறன். கொற்றனாக நடிக்க ஆள் இல்லை. இந்தக் கடிதம் அதற்குத்தான்.

ஏன் தபாலில் வருகிறது என்று யோசிப்பீர்கள். ஆறு வருடமாக எங்கள் வீட்டு எண்கள் எல்லாவற்றையும் போனிலும் வாட்ஸ்அப்பிலும் தடுத்து வைத்திருக்கிறீர்கள். வீடு மாறவில்லை என்பதைக் கௌசலா சொன்னார். போன மாதம் பிரிக்பீல்ட்ஸில் பூக்கடையில் பார்த்தேன். என்னோடு பேசியதற்காக உங்கள் மனைவியைக் கோபிக்க வேண்டாம். பத்திரிகை வேலையை விட்டாலும் கேள்வி கேட்கும் பழக்கம் என்னை விடவில்லை. கேட்டேன், சொன்னார்.

போன வருடம் பாலன் கொற்றனாக நடித்தான். துறைமுகத்தில் இவரோடு லோரிப் பிரிவில் வேலை செய்கிறவன், நல்ல பையன், வசனம் ஒன்றுகூடத் தவறவில்லை. ஆனால் கடைசி அங்கத்தில், எல்லோரும் மாண்டு கிடக்கும் அரண்மனைக்குள் எதிரி நாட்டு இளவரசன் நுழைகிற இடத்தில், வீட்டு வாடகை கேட்க வந்தவன் மாதிரி நுழைந்தான். பின்வரிசையில் ஒரு அம்மா, "இவனா இனி ராஜா? பாவம் லா அந்த ஊரு" என்றார். என் காதில் விழுந்தது. மேடையில் செத்துக் கிடந்த இவர் காதிலும் விழுந்திருக்கிறது. வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

"அருணன் வந்தாதான் இந்தத் தடவ ஏறுவேன்" என்று இவர் சொல்லியிருக்கிறார். சொன்னது என்னிடம். உங்களிடம் சொல்லச் சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

பதில் எழுதுங்கள்.

அன்புடன்,
மலர்விழி


பிரிக்பீல்ட்ஸ்
21 மே 2025

மலர் அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. பதில் எழுதுவதாக இல்லை. கௌசலாதான், "எழுதினது மலரக்கா. மறுமொழி போடாமல் விட்டால் மரியாதையில்லை, ரெண்டு வரியாவது எழுதுங்கோ" என்று நின்றாள். ஆகவே இது மரியாதைக்கான கடிதம். சம்மதக் கடிதம் இல்லை.

'நம் மன்றம்' என்று எழுதியிருக்கிறீர்கள். அது உங்கள் மன்றம். எனக்கு இங்கே பிரிக்பீல்ட்ஸில் ஒரு சின்னக் குழு இருக்கிறது. சிரிப்பு நாடகம் போடுகிறோம். அதில் யாரும் சாவதில்லை. நாடகம் முடிந்ததும் எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து தோசை சாப்பிடுகிறோம்.

உங்கள் மன்றத்தில் எனக்கு ஒரே மேசை கிடைத்ததில்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஒத்திகைக்கு விளக்கு ஏற்றிய நாள் முதல் நாடகம் முடிகிற இரவு வரை, கொற்றனாக நடிப்பவனோடு மன்றத்தார் யாரும் பேசக் கூடாது. வசனத்தைத் தவிர ஒரு சொல் கிடையாது. அவன் தேநீரும் தனி, நாற்காலியும் தனி. அப்போதுதான் கடைசி அங்கத்தில் அவன் நுழையும்போது நிஜமாகவே அந்நியன் வருவதுபோல் இருக்கும் என்பது சுகுமாறன் அண்ணனின் கண்டுபிடிப்பு. கொற்றன் விரதம் என்று பெயரும் வைத்தார். நான் வாசலில் தலையைக் காட்டினால், "டேய், கொற்றன் வந்தாச்சு, வாய மூடு" என்று உள்ளே சத்தம் கேட்கும். பல வருடம் எனக்கும் அது விளையாட்டாகத்தான் இருந்தது.

2019இல் ஒத்திகை நடந்துகொண்டிருந்தபோது என் அம்மா தங்கரத்தினம் காலமானார். மன்றம் முழுக்க என் வீட்டுக்கு வந்தது. கடைசி வரிசை நாற்காலிகளில் உட்கார்ந்தது. அண்ணன் என்னை நேராகப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பெட்டியை எடுத்த பிறகு எழுந்து போனார். ஒரு வார்த்தை இல்லை. என் தோளில் ஒரு கை இல்லை. என் மாமா, "இவையள் ஆர், கடன்காரரோ?" என்று என்னிடம் கேட்டார்.

அந்த வருட நாடகத்தை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் விலகினேன். அதையும் நினைவில் வையுங்கள்.

கொற்றனிடம் பெரிய தலைமைப் பண்பு இருப்பதாக அண்ணன் வகுப்பே எடுப்பார். எனக்கு அப்படி ஒன்றும் தெரியவில்லை. வெளியே காத்திருந்தான். உள்ளே இருந்தவர்கள் தங்களுக்குள் அடித்துக்கொண்டு செத்தார்கள். வந்தான், ஆசனத்தில் உட்கார்ந்தான். உயிரோடு மிஞ்சியதற்குப் பெயர் தலைமையா?

அருணன்


கிள்ளான்
26 மே 2025

தம்பி அருணனுக்கு,

2019இல் உங்கள் வீட்டிலிருந்து திரும்பும்போது காரில் நடந்தது இது. நான் இவர் பக்கத்தில் இருந்தேன், ஆகவே ஆதாரம் நானே. பங்சார் தாண்டியதும் இவர் சொன்னார்: "அம்மா செத்த வீட்டுல கூட அவன் யாருகிட்டயும் ஒரு வார்த்த பேசல பாத்தியா. வெரதத்த காப்பாத்துறான். நான் போயி வாயத் தொறந்து அதக் கெடுக்கக் கூடாதுன்னு பல்லக் கடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன்."

நீங்கள் அவர் பேசுவார் என்று காத்திருந்தீர்கள். உங்கள் மௌனத்தை அவர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். நான் அன்றே, "இது நாடகம் இல்லங்க, போயி அவரு கையப் புடிங்க" என்று சொன்னேன். "உனக்கு இதெல்லாம் புரியாது" என்றார். எனக்குப் புரியாததுதான். நான் மன்றத்தில் உறுப்பினராக ஒரு நாளும் சேர்ந்ததில்லை.

கொற்றனைப் பற்றி நீங்கள் எழுதியதை ஏற்க முடியவில்லை. கடைசி அங்கத்தை விடுங்கள். இரண்டாம் அங்கத்தில் அவன் ஆயுதம் இல்லாமல் தனியாகக் கோட்டைக்குச் சமாதானம் பேச வருகிறான். ஆதிவேள் அவனை வெயிலில் நிற்க வைக்கிறான், குடிக்கத் தண்ணீர்கூடத் தருவதில்லை, காவலாளிகளை விட்டுச் சிரிக்க வைத்து அனுப்புகிறான். பாசறைக்குத் திரும்பியதும் தளபதி, "என்ன சொன்னார்கள்?" என்று கேட்கிறான். "இன்று ஒன்றும் முடியவில்லை" என்கிறான் கொற்றன். அவ்வளவுதான். தனக்கு நடந்த அவமானத்தை அவன் படையிடம் சொல்வதே இல்லை. சொல்லியிருந்தால் அன்று இரவே ஊர் எரிந்திருக்கும். தன் கோபத்துக்கு மற்றவர்களைக் கூலிக்கு அமர்த்தாதவன் அவன். அமைச்சர்கள், சங்கத் தலைவர்கள், கோயில் தலைவர்கள் என்று நிறையப் பேரைப் பேட்டி கண்டிருக்கிறேன். இந்த ஒன்று எத்தனை பேரிடம் இருந்தது என்று கேட்டால் எண்ண ஒரு கை போதும்.

நீங்கள் விலகியபோது உங்களோடு பாதி மன்றம் வந்துவிட்டது. எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை.

இன்னொன்று. இவருக்கு உடம்பு சுகமில்லை. இது உறுதி. எவ்வளவு என்பதை எழுத எனக்கு அனுமதி இல்லை.

மலர்விழி


பிரிக்பீல்ட்ஸ்
3 ஜூன் 2025

மலர் அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னைத் தூங்க விடவில்லை. எந்த வரி என்று எழுதப் போவதில்லை.

வருகிறேன். ஒரே நிபந்தனை. விரதம் கூடாது. அண்ணன் வாசலில் நின்று, "வாடா அருணா" என்று கூப்பிட வேண்டும். உள்ளே எல்லோரோடும் சேர்ந்து நானும் தேநீர் குடிப்பேன். என் வயதுக்கு இனி மூலையில் தனி நாற்காலியில் உட்கார முடியாது.

உடம்பு சுகமில்லை என்றால் என்ன? இனிப்பு நீர் வியாதியா, இருதயமா? நேராகக் கேட்கிறேன்.

அருணன்


கிள்ளான்
10 ஜூன் 2025

தம்பி அருணனுக்கு,

உங்கள் நிபந்தனையை இவரிடம் அப்படியே வாசித்துக் காட்டினேன். பதில், சொல் மாறாமல்: "வெரதம் இல்லன்னா கொற்றன் இல்ல. கொற்றன் இல்லன்னா ஆதிவேளு எதுக்குச் சாவுறான்? அவன வரச் சொல்லு. ஷோ முடிஞ்ச ராத்திரி அவன்கூட உக்காந்து விடிய விடிய பேசுறேன்னு சொல்லு."

நான் வாதாடினேன். "நீ நியூஸ் எழுதுற ஆளு, இது வேற" என்றார். பிறகு, "அவன் வருவானா?" என்று இரண்டு தடவை கேட்டார். சபாபதிக்குப் போன் செய்து அவரிடமும் கேட்டார்.

உங்கள் கேள்விக்குப் பதில்: இனிப்பு நீர் இல்லை, இருதயமும் இல்லை. இதற்கு மேல் நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

ஜூன் 15, ஞாயிறு விளக்கு ஏற்றுகிறார்கள். நான் மன்றத்து ஆள் இல்லை என்பதால் விரதம் என்னைக் கட்டாது. உங்களுக்குச் சொல்ல வேண்டியது இருந்தால் எனக்கு எழுதுங்கள்.

மலர்விழி


பிரிக்பீல்ட்ஸ்
6 ஜூலை 2025

மலர் அக்காவுக்கு,

ஒத்திகைக்கு வந்துகொண்டிருக்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். கிள்ளான் ரயிலில் ஏறும்போது மனிதனாக ஏறுகிறேன், இறங்கும்போது கொற்றனாக இறங்குகிறேன். முதல் நாள் பாலன் எதிரே வந்தான். வாய் திறக்கப் போனவன் சட்டென்று பொத்திக்கொண்டு, தலைக்கு மேல் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டுவிட்டு ஓடினான். சிரிப்பு வந்தது. சிரிக்கவும் கூடாதாம்.

அண்ணன் முகத்தைப் பார்த்ததும் எனக்கு வசனம் மறந்தது. சபாபதி மூன்று முறை எடுத்துக் கொடுத்தார்.

இரண்டாம் அங்கத்தில் முன்பு ஆதிவேள் என்னைச் சுற்றிச் சுற்றி நடந்து ஏளனம் செய்வார். இப்போது ஆசனத்தில் உட்கார்ந்தபடியே செய்கிறார். பார்க்கிறவர்களுக்கு அது இன்னும் திமிராகத் தெரியும். நல்ல மாற்றம்தான். ஆனால் கையை ஊன்றியிருக்கும் இடத்தில் ஆசனம் நடுங்குவது எனக்குத் தெரிகிறது. அவ்வளவு பக்கத்தில் நிற்கிறவன் நான் ஒருவன்தான்.

நேற்று கடைசி அங்கம். ஆதிவேளின் உடலைக் கொற்றன் தரையிலிருந்து தூக்க வேண்டும். சேவகர்கள் ஓடி வருவார்கள். வேண்டாம் என்று கையால் தடுத்துவிட்டுத் தானே தூக்குவான். பழைய நாளில் அண்ணனைத் தூக்கினால் மறுநாள் எனக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். அதே நினைப்பில் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு குனிந்து தூக்கினேன். என் பலம் முழுவதும் வீணாகி, பின்னால் சாய்ந்து விழப் போனேன்.

அக்கா, தூக்கினபோது கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தார். செத்தவர் கண் திறக்கக் கூடாதே. "அண்ணே, என்ன இது?" என்று கேட்க வாய் வந்துவிட்டது. மன்றம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. வசனத்தைச் சொன்னேன். இறக்கி வைத்தேன். என் மூலைக்குப் போய்த் தேநீர் குடித்தேன்.

எத்தனை நாள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்? நீங்கள் எழுத வேண்டாம். நான் மாதத்தைச் சொல்கிறேன், இல்லை என்றால் மட்டும் எழுதுங்கள். ஆகஸ்டு தாண்டுமா?

அருணன்


கிள்ளான்
14 ஜூலை 2025

தம்பி அருணனுக்கு,

ஆகஸ்டு தாண்டும். ஆண்டு இறுதி வரை என்று நிபுணர் மார்ச்சில் சொன்னார். நான் நேரில் கேட்டது. வாக்கை மீறிவிட்டேன், மீறியதில் வருத்தம் இல்லை.

வீட்டில் இவர் உங்களைப் பற்றிப் பேசாத நாள் இல்லை. "அருணன் எடது தோளச் சாய்ச்சிக்கிட்டு நடக்குறான், வயசாயிடுச்சு அவனுக்கு." "நொழையுற எடத்துல முன்ன விட நிதானம். ஆறு வருசம் வெளிய இருந்தது நல்லதாப் போச்சு." உங்களைப் பார்த்து இப்படிச் சொல்லலாமே என்றேன். "ராஜாவுக்கு எதிரியப் புகழ்ற வழக்கம் உண்டா?" என்றார். அன்று சாப்பாடு இறங்கவில்லை. இரண்டு கரண்டிக் கஞ்சிதான்.

நான் ஒன்று கேட்கிறேன். வரும் ஞாயிறு ஒத்திகை இல்லை. வீட்டுக்கு வாருங்கள். மண்டபத்துக்கு இல்லை, எங்கள் வீட்டுக்கு. யாரும் இருக்க மாட்டார்கள். கதவை நான் திறக்கிறேன். இவர் பேசுகிறாரா இல்லையா என்பது பிறகு. நீங்கள் பேசுங்கள். இரண்டாம் அங்கத்தில் கொற்றன் அழைப்பில்லாமல்தானே கோட்டைக்கு வந்தான். உங்களுக்கு அழைப்பே இருக்கிறது.

மலர்விழி


பிரிக்பீல்ட்ஸ்
18 ஜூலை 2025

மலர் அக்காவுக்கு,

ஞாயிறு வரவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கௌசலா இரண்டு நாளாக என்னோடு சண்டை. "நாடகம் பெரிசோ, ஆள் பெரிசோ?" என்கிறாள். அவளுக்கு எப்படி விளக்குவது? இந்தத் தடவை அண்ணன் கேட்டது ஒன்றே ஒன்று. போன தடவை அதை நான் அவமானமாக எடுத்துக்கொண்டு போனேன். இம்முறை முழுசாகக் கொடுக்க நினைக்கிறேன். ஆகஸ்டு 9 இரவு எவ்வளவு தூரம்? சேர்த்து வைத்ததையெல்லாம் அன்றைக்குப் பேசித் தீர்க்கிறோம். ஆண்டு இறுதி வரை நாள் இருக்கிறதே.

அவருக்குச் சொல்லுங்கள்: தோள் சாய்வதைச் சரி செய்துகொண்டேன்.

அருணன்


பிரிக்பீல்ட்ஸ்
1 ஆகஸ்டு 2025

மலர் அக்காவுக்கு,

எழுதக் கூடாத நேரம். துக்க வீட்டுக்கு இப்படி ஒரு கடிதம் எழுதுகிறவனை நானே மதிக்க மாட்டேன். இருந்தும் எழுதுகிறேன்.

சனிக்கிழமை காலை சபாபதியிடமிருந்து போன் வந்தது. எடுத்தேன். மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு போன் கௌசலாவுக்கு வந்தது. அவளிடம்தான் சொன்னார், அண்ணன் விடியும் முன் போய்விட்டார் என்று. என்னிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. நாடகம் இன்னும் முடியவில்லையாம்.

உங்கள் வீட்டு வாசலில் மன்றத்தார் நின்றார்கள். யாரும் பேசவில்லை. மழை தூறியது. பாலன் வந்து குடையை விரித்து என் தலைக்கு மேல் பிடித்தான். "எத்தன மணிக்கு எடுக்கிறாங்க, பாலன்?" என்று கேட்டேன். அழுது வீங்கின முகத்தோடு அவன் திரும்பிச் சபாபதியைப் பார்த்தான், பதில் சொல்லலாமா என்று. சபாபதி மன்றத்து மேளக்காரர் கன்னையாவைப் பார்த்தார். கன்னையா தரையைப் பார்த்தார். கடைசியில் அவர்தான், "மூணு மணிக்குண்ணே" என்றார். அதைச் சொல்ல அவர்களுக்கு அவ்வளவு நேரம் ஆனது. அக்கா, அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அண்ணன் போட்ட கட்டளையை எடுக்க அண்ணன் இல்லை. வேறு யாருக்கு அதை எடுக்கும் உரிமை என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

சிம்பாங் லீமா சுடுகாடு வரை வண்டிக்குப் பின்னால் வந்தேன்.

ஆண்டு இறுதி வரை என்று எழுதினீர்கள். நான் அதை நம்பித்தான் அந்த ஞாயிறு வீட்டில் உட்கார்ந்து தோளைச் சரி செய்துகொண்டிருந்தேன். ஏன் அப்படி எழுதினீர்கள்?

அருணன்


கிள்ளான்
5 ஆகஸ்டு 2025

தம்பி அருணனுக்கு,

ஏன் எழுதினேன் என்று கேட்டிருக்கிறீர்கள். ஒருவர் சொன்னார், நம்பினேன். வேலையில் இருந்த நாளில் ஒருவர் மட்டும் சொன்னதை அச்சுக்கு அனுப்பியிருக்க மாட்டேன். இது நான் கேட்க விரும்பிய செய்தி, அதனால் இரண்டாவது ஆளிடம் கேட்கவில்லை.

நடந்தது உங்களுக்குத் தெரிய வேண்டும். 23ஆம் தேதி காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போக மறுத்தார். பதினேழு நாள் தாக்குப் பிடித்தால் போதும், ஷோ முடிந்து போகலாம் என்றார். வெள்ளி மாலை கண் தெளிவாக இருந்தது. நான் உங்கள் எண்ணை அழுத்தினேன். என் போனைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள் என்று அப்போதுதான் நினைவு வந்தது. இவர் போனை எடுத்தேன். அதுவும் அப்படியே. கௌசலாவுக்கு அடித்து உங்களைக் கூப்பிடச் சொல்கிறேன் என்று இவரிடம் சொன்னேன். இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "வேணாம் மலர். இன்னும் கொஞ்ச நாள்தானே. அவன் ரொம்ப நல்லாப் பண்றான். கெடுத்துடாத" என்றார்.

நான் கைபேசியைக் கீழே வைத்தேன். இவர் சொன்னதற்காக வைத்தேன். பிறகு தூங்கினார்.

உங்களைப் பற்றிச் சொன்ன கடைசி வார்த்தை அதுதான். அதைச் சந்தோஷமாக எடுத்துக்கொள்வதா என்று எனக்குத் தெரியவில்லை. நீங்களும் அவசரப்பட்டு முடிவு செய்ய வேண்டாம்.

கருமக்கிரியை 10ஆம் தேதி, ஞாயிறு காலை. கௌசலாவையும் அழைத்து வாருங்கள். வாசலில் நிற்காமல் உள்ளே வாருங்கள்.

மலர்விழி


பிரிக்பீல்ட்ஸ்
12 ஆகஸ்டு 2025

மலர் அக்காவுக்கு,

ஞாயிறு சாப்பாடு முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு சபாபதியும் கன்னையாவும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்கள். நாடகத்துக்குக் குறித்த இரவு கழிந்துவிட்டது, இனி பேசலாமாம். அண்ணன் இடத்தில் மன்றத்துக்கு நான் தலைவராக வர வேண்டும் என்றார்கள். நாடகம் நவம்பர் 15க்குத் தள்ளிப் போகிறது. ஆதிவேளாக நான் நடிக்க வேண்டுமாம். கொற்றனாகப் பாலன்.

ஒப்புக்கொண்டேன். வேறு யாரும் இல்லை என்பதால் ஒப்புக்கொண்டேன். இங்கே இருக்கிற என் குழுவும் வரும். உடனே சபாபதி அடுத்ததைச் சொன்னார். அண்ணன் நினைவாக விரதத்தை இனி விதியாகவே எழுதி வைக்க வேண்டுமாம். 'சுகுமாறன் விரதம்' என்று பெயர். எல்லோருக்கும் சம்மதம். கூடவே நின்ற பாலனும், "நான் இருந்துக்கிறேண்ணே. அண்ணனுக்காக" என்றான். அவன் மனைவி குமுதா மாசமாக இருக்கிறாள். பிள்ளை பிறக்கிற நேரம் ஒத்திகை நடுவில் வரும் என்று எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும்.

என்ன செய்வது என்று தெரியவில்லை. நாடகத்தில் கொற்றன் உள்ளே வந்த பிறகு அமைச்சர்கள், "எந்தச் சட்டங்களை மாற்ற வேண்டும்?" என்று கேட்கிறார்கள். "இந்த ஊர் அழுது முடிக்கட்டும். அதுவரை ஆதிவேளின் சட்டமே சட்டம்" என்கிறான். அந்த வசனத்தை நான் இத்தனை வருடம் சொல்லியிருக்கிறேன். வெளியிலிருந்து வந்தவன் வந்த அன்றே இருந்தவனின் கட்டளையைக் கலைக்கக் கூடாது. அது பண்பு. ஆறு வருடம் விலகி இருந்துவிட்டு, அண்ணன் சாம்பல் கடலில் கரைந்த வாரத்தில் அவர் விதியை நான் எடுத்தால், இதற்குத்தான் வந்தான் என்று சொல்லமாட்டார்களா? சொல்வதைத் தாங்குவேன். அது உண்மையாக இருந்துவிடுமோ என்றுதான் பயம்.

நீங்கள் சொல்வதைச் செய்கிறேன்.

அருணன்


கிள்ளான்
14 ஆகஸ்டு 2025

தம்பி அருணனுக்கு,

விரதத்தை விதியாக்கும் தீர்மானம் எழுதப்பட்டுவிட்டது. சபாபதி நேற்று வீட்டுக்கு வந்து வாசித்துக் காட்டினார். "அண்ணி வந்து ஒரு வார்த்த ஆமான்னு சொன்னாப் போதும், ஓட்டே வேணாம்" என்றார். எனக்கு மன்றத்தில் வாக்கு கிடையாது. இவர் பெயருக்கு மட்டும் என்னிடம் அனுமதி கேட்கிறார்கள். பெயரைத் தர முடியாது என்றேன். ஏன் என்று கேட்டார். அவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பினேன்.

இன்று காலை குமுதா வந்திருந்தாள். பாலன் சொன்னது அவளுக்குத் தெரியாது. கன்னையா மனைவி சீதாலெட்சுமி சொல்லித்தான் தெரிந்திருக்கிறது. "ஆஸ்பத்திரிக்குப் புள்ளையப் பாக்க வர்றவங்க எல்லாம் இவருகிட்ட ஒரு வார்த்த பேசாம நின்னுட்டுப் போவாங்களா ஆன்டி?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். பிறகு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

நான் சொல்வதைச் செய்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் எதுவும் சொல்லப் போவதில்லை. இவர் சொன்னதைச் செய்து நான் ஒரு மாலையை இழந்தேன். நீங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இழந்தீர்கள். இனி நான் சொல்லி நீங்கள் செய்தால், அதுவும் அதே பழக்கம்தான். ஊர் அழுது முடிக்கட்டும் என்று கொற்றன் சொன்னது ஊருக்குக் கொடுத்த அவகாசம். அதற்குள் ஒளிந்துகொள்ள அவன் அதைச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். மேடையில் நின்று சொன்னவர் நீங்கள். சரியாகத் தெரிந்தவரும் நீங்கள்.

எனக்கு இன்னும் அழுகை முடியவில்லை. காலையில் இரண்டு கோப்பை எடுத்து வைத்துவிட்டு ஒன்றைத் திரும்ப அடுக்குகிறேன். ஆனால் எனக்காகக் காத்திருந்தால் உங்களுக்கு நேரம் போதாது.

கூட்டம் ஆகஸ்டு 17, ஞாயிறு, மாலை நான்கு மணிக்கு. நான் வருகிறேன், பின்வரிசையில் இருப்பேன். தலைவர்தான் முதலில் பேச வேண்டும் என்று சபாபதி சொல்கிறார். ஒத்திகை செப்டம்பர் 21இல் தொடங்குகிறது. குமுதாவுக்கு அக்டோபர் இரண்டாம் வாரம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். இரண்டு பேரிடம் கேட்டுக்கொள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

மலர்விழி